முகர்ந்து பார்க்காமல் வாங்கும் பெருந்தன்மை

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலை முதலாளிகளுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. எதையும் யாரையும் லேசில் நம்ப மாட்டார்களாம். கிளப்பிவிட்டவர்கள் மா விவசாயிகளாகத்தான் இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் மத்தூர்ப் பக்கம் ஓர் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் லாரி வந்து நின்றால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முதலாளி மேல் வரிசையைச் சீந்த மாட்டார். அடியில் கையை விட்டு ஒன்றை உருவுவார். முகர்வார், அழுத்துவார், வெட்டச் சொல்வார். சாற்றில் ஒரு சொட்டைக் கருவியில் விட்டு பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பார்ப்பார். லாரி எடைமேடையில் பாரத்தோடு ஏறும்போதும் பக்கத்தில் நிற்பார், காலியாகி ஏறும்போதும் நிற்பார். அதற்கப்புறம் கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்க ஒரு மணி நேரப் பேச்சு.

இயந்திரம் வாங்கினாலும் இதே கதைதான். பெங்களூர் பீனியாவில் பழைய கம்ப்ரசர் ஒன்று விலைக்கு வருகிறது என்றால் ஃபிட்டரை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அந்த ஆள் அங்கே அதை ஓடவிட்டு, சத்தத்தைப் போனில் கேட்க வைத்து, எண்ணெய் கசிகிறதா என்று துடைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அவரைச் சந்தேகப் பேர்வழி என்று பேசுகிறவர்கள், அவர் தம் கம்பெனிக்கு மென்பொருள் வாங்கிய அழகைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாய் அடைத்துப் போயிருப்பார்கள். இந்த மண்ணில் இத்தனை நம்பிக்கை, இத்தனை பெருந்தன்மை, பணத்தின்மீது இத்தனை பற்றின்மை ஒரே மனிதரிடம் குடிகொண்டிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஓசூரில் ஓர் ஓட்டல், குளிரூட்டிய அரங்கு. பெங்களூரிலிருந்து டை கட்டிய இரண்டு இளைஞர்கள். திரையில் வண்ண வண்ணப் படங்கள்: மாநிலவாரியாக விற்பனை, மாதவாரியாக லாபம், பச்சையில் ஒரு வட்டம், சிவப்பில் ஒரு முள். "சார், நீங்க துபாயில இருந்தாலும் உங்க ஃபேக்டரி உங்க போன்ல இருக்கும்." முதலாளி துபாய்க்குப் போவதில்லை, வாரத்தில் ஆறு நாள் ஆலையில்தான் இருக்கிறார். ஆனால் இனிமேல் போகலாமே என்ற நம்பிக்கையை ஒரு பொருள் தருகிறது என்றால் அதற்கு விலை பேசுவது அழகா? திரையில் தெரியும் எண்கள் யாருடைய கம்பெனியின் எண்கள் என்று அவர் கேட்கவில்லை. தம் ஆலையின் ஒரு பில்லையாவது அதில் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. மாம்பழத்தில் அடி வரிசைக்குக் கைவிடும் அதே மனிதர் இங்கே மேல் வரிசையோடு மனநிறைவு அடைந்தார். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது. மாலைக்குள் பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

அவருடைய அடக்கம் அடுத்த கட்டத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. இத்தனை லட்சம் போட்டு வாங்கும் பொருளைத் தினமும் தொடப்போகிறவர்கள் யார்? கேட்டில் இன்வர்ட் எழுதுகிறவர், எடைமேடைப் பையன், ஸ்டோர்க்காரர், பில் போடும் பெண், கணக்கர், ஷிஃப்ட் சூப்பர்வைசர். இவர்களில் ஒருவரிடமும் அவர் கலந்து பேசவில்லை. அவர்களுடைய வேலை நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற கரிசனம். பதினைந்து வருடமாக ஸ்டோரில் இருப்பவரைக் கேட்டிருந்தால், "மொதலாளி, நாம டப்பாவுல அடைக்கிறதும் உண்டு, டிரம்முல அடைக்கிறதும் உண்டு, ரெண்டும் ஒரே லாட்டுல வரும், அத இது எப்படிப் பிரிக்கும்?" என்று வாயைத் திறந்திருப்பார். அந்த ஒரு கேள்வியில் டை கட்டிய இளைஞர்களின் முகம் வாடியிருக்கும். விருந்தாளியின் முகம் வாட விடுவது நம் வழக்கமா?

பக்கத்திலேயே பெங்களூரில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுக்கு இந்தப் பண்பாடு போதவில்லை. ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகங்களும் விற்று வந்தார். தம் கணக்குக்குத் தோதான மென்பொருள் சந்தையில் கிடைக்கவில்லை என்றதும், கிடைப்பதை வாங்கிப் பெருமைப்படத் தெரியாமல், தமக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தார். கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் சொல்லி எழுத வைத்தார். 1986இல் அப்படிப் பிறந்ததுதான் இன்று நம் ஊர் உரக்கடை வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் டேலி. மகனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தேவையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பொருளைப் பிறகு தேடுவது எவ்வளவு பழைய பாணி என்பதற்கு இந்தக் குடும்பம் ஒரு சான்று. நம் முதலாளிகள் முன்னேறியவர்கள். பொருளை முதலில் வாங்கிவிட்டுத் தேவையைப் பிறகு தேடுகிறார்கள்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் ஒரு கூட்டம் உட்கார்ந்து மென்பொருள் செய்கிறது. ஸ்ரீதர் வேம்பு குழுவினர் 1996இல் தொடங்கிய கம்பெனி, இன்றைய பெயர் ஜோஹோ. அவர்களிடம் வாங்காததற்கு நம்மவர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டு நான் தலைவணங்கினேன். விலையை இணையத்திலேயே போட்டிருக்கிறார்களாம். கணக்கு மென்பொருளை இரண்டு வாரம் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கவும் விடுகிறார்களாம். விலை எல்லோருக்கும் தெரிந்த பொருளை வாங்கினால் அது எத்தனைக்கு வாங்கியது என்று கல்யாண வீட்டில் எப்படிச் சொல்லிக்கொள்வது? மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் இன்னும் மோசம். அதன் மூலநிரலையே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். இலவசம் என்றதும் நம்மவர்களுக்கு வந்த சந்தேகத்தில் கால்பங்கு அந்த ஓட்டல் அரங்கில் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்திருக்காது.

"போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு வந்திருக்கும் பெரிய கம்பெனிகளில் எல்லாம் அயல்நாட்டு மென்பொருள்தான்" என்பது இன்னொரு காரணம். நியாயம்தான். ஆயிரக்கணக்கானவர் வேலை செய்யும் இடத்தில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு துறை இருக்கும். நம் ஆலையில் அந்தத் துறை முதலாளியின் மச்சினன். பி.காம். முடித்துவிட்டு சும்மா இருந்தவர். அவருக்கு ஒரு வழி காட்டியதையும் இந்த மென்பொருளின் சாதனைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூழ் ஆலையை விட்டுச் சற்று மேற்கே போவோம். மத்தூரிலிருந்து கிளம்பினால் கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் போன்ற ஆலைகள் ஓசூருக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. இந்தப் பட்டறைகளின் வாழ்க்கையே ஜாப் வொர்க்தான். ஒரு பின்னை இங்கே கடைவார்கள், ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு ஓரிடம், கிரைண்டிங்குக்கு இன்னோரிடம், பிளேட்டிங்குக்கு பொம்மசந்திரா. சரக்கு திரும்பி வரும், கொஞ்சம் ரிஜெக்ட் ஆகி வரும், கொஞ்சம் வராமலே இருக்கும்.

எல்லையில் தொழில் செய்கிறவனுக்கு ஜி.எஸ்.டி. தனி மரியாதை வைத்திருக்கிறது. வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். அதே பொருளை சூளகிரியில் விற்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பொம்மசந்திராவில் விற்றால் ஒருங்கிணைந்த வரி. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ரூ. 50,000 தாண்டினால் இ-வே பில் என்பதை 2018 ஏப்ரல் முதல் எல்லோரும் அறிவார்கள். பலருக்கும் பிறகு தெரிய வருவது இது: ஜாப் வொர்க்குக்காக அடுத்த மாநிலத்துக்கு அனுப்பும் சரக்குக்கு அந்த ஐம்பதாயிரம் வரம்பே கிடையாது. 900 ரூபாய் பின்களை மொபெட் பின்னால் கட்டிக்கொண்டு பிளேட்டிங்குக்கு அத்திப்பள்ளி தாண்டினாலும் இ-வே பில் வேண்டும். போன மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்கு, வரி, வட்டி. எது போனது, எது வந்தது என்று ஐ.டி.சி.-04 படிவத்தில் சொல்ல வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தாண்டாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை.

ஆக, ஓசூர்ப் பட்டறைக்கு மென்பொருள் வாங்கினால் முதல் கேள்வி எது என்று பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான். வெளியே போன சரக்கில் இன்னும் திரும்பாதது எவ்வளவு, யாரிடம், எத்தனை நாளாக? இதைக் காட்டுமா, காட்டாதா? இந்தக் கேள்வியைக் கேட்டு விற்பனையாளரைச் சங்கடப்படுத்தாத நாகரிகத்துக்காகவே நம் பட்டறை முதலாளிகளுக்கு அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு வளைவு கட்டலாம். அப்படி ஒரு பட்டறை முதலாளிக்கு, வாங்கி மூன்று மாதம் கழித்து, "சார், ஜாப் வொர்க் தனி மாட்யூல், அதுக்குத் தனி லைசென்ஸ்" என்று பதில் வந்தது. முதலாளி கோபப்படவில்லை. வாங்கிவிட்டார். அந்த மாட்யூலும் திரும்பி வந்த ரிஜெக்ட்டைப் புதுச் சரக்கு என்று வரவு வைத்துக்கொண்டது. ஒரு பின்னை இரண்டாகக் காட்டும் வித்தையைச் சித்தர்கள்கூடச் செய்ததில்லை.

இனி ஆலைக்கே திரும்புவோம். அங்கே மென்பொருளும் மாம்பழமும் சந்தித்துக்கொண்ட காட்சி இன்னும் சுவையானது. அந்த மென்பொருள் நட்டு போல்ட் செய்யும் தொழிற்சாலைக்காகப் பிறந்தது. ஒரு பொருளுக்கு என்னென்ன சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். நான்கு சக்கரம் போட்டால் ஒரு வண்டி. மாங்காய் அப்படிக் கணக்குக்குக் கட்டுப்படாது. இந்த லாரிப் பழத்தில் சதை அதிகம், அடுத்த லாரிப் பழத்தில் கொட்டை பெரிது. காலையில் வந்தது பழுத்தது, மாலையில் வந்தது இன்னும் இரண்டு நாள் வைக்க வேண்டியது. வாங்குவது டன்னில், விற்பது 215 கிலோ பை போட்ட டிரம்மில் அல்லது டப்பாவில். நடுவில் தோலும் கொட்டையும் போகின்றன, அழுகியது போகிறது, அது எத்தனை என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் மென்பொருளோ ஒரு டன்னுக்கு எவ்வளவு கூழ் என்று ஓர் எண்ணைக் கொடு, கொடுத்தால்தான் நகர்வேன் என்று அடம்பிடித்தது. மச்சினன் ஓர் எண்ணைக் கொடுத்தார். அன்று முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் எல்லா மாங்காயும் ஒரே அளவு கூழைத் தந்து வருகின்றன. தோட்டக்கலைத் துறை இத்தனை வருடம் முயன்றும் செய்ய முடியாத சாதனை இது.

பண்டகப் பட்டியலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஸ்டோர்க்காரர் என்னை மன்னிக்க மாட்டார். பழைய எக்செல் தாளில் இருந்ததை அப்படியே ஏற்றினார்கள். "எம்8 போல்ட்", "போல்ட் எம் 8", "8 எம்எம் போல்ட்", "போல்ட் 8 (புதுசு)" எல்லாம் தனித்தனி ஜீவன்களாகப் பிறவி எடுத்தன. ஒன்றில் இருப்பு நானூறு, இன்னொன்றில் கழித்தல் அறுபது. கழித்தல் அறுபது போல்ட் எப்படி இருக்கும் என்று ஆடிட்டர் கேட்டார். தத்துவக் கேள்வி. விடை சொல்ல ஆள் இல்லை.

சீசன் மே, ஜூன், ஜூலை. மீதி ஒன்பது மாதம் ஆலையில் பராமரிப்பும் விற்பனையும்தான். சீசனில் பதினைந்து பேர் திரையில் உட்கார வேண்டும், மற்ற மாதங்களில் நான்கு பேர் போதும். லைசென்ஸோ ஆள் கணக்கில், வருடம் முழுவதற்கும். இதைப் பற்றிப் பேரம் பேசாமல், பூட்டிக் கிடக்கும் அறைகளில் இருக்கும் பதினொரு நாற்காலிகளுக்கும் ஒன்பது மாத வாடகை கொடுத்த வள்ளல்தன்மையைக் கடையேழு வள்ளல்கள் கேள்விப்பட்டிருந்தால் எட்டாவது இடம் ஒன்றை ஒதுக்கியிருப்பார்கள்.

ஆனால் முகூர்த்தம் குறிப்பதில்தான் அவருடைய துணிச்சல் முழுதாக வெளிப்பட்டது. பழைய முறையை நிறுத்திவிட்டுப் புது மென்பொருளில் இறங்கும் நாளை எப்போது வைத்தார்? லாரிகள் வரிசை கட்டும் ஜூன் மாதத்தில். இந்தத் துணிச்சலுக்கு உலக அளவில் ஒரே ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் ஹெர்ஷீ என்ற சாக்லேட் கம்பெனி 11.2 கோடி டாலர் போட்டு மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே மூச்சில் 1999 ஜூலையில் ஓடவிட்டது. நான்கு வருடம் ஆகும் என்ற வேலையை முப்பது மாதத்தில் முடிக்கும் அவசரம். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், அங்கே மிட்டாய் விற்கும் திருவிழா. சாக்லேட் கிடங்கில் இருந்தது, ஆர்டரும் கையில் இருந்தது. ஆனால் எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு என்று மென்பொருள் சொல்ல மறுத்ததால் சுமார் 10 கோடி டாலர் சரக்கு போகவில்லை. ஹெர்ஷீ அந்த வருடம் கற்றுக்கொண்டதை நம் முதலாளி கற்றுக்கொள்ளவில்லை. அனுபவத்தை இரவல் வாங்கக் கூடாது, சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற சுயமரியாதை. மத்தூரில் மென்பொருள் இறங்கிய அன்றைக்குச் சாலையோரம் குழி தோண்டி இணையக் கம்பியை அறுத்துவிட்டார்கள். மென்பொருள் மேகத்தில் இருந்தது, லாரிகள் கேட்டில் இருந்தன, மாங்காய் வெயிலில் இருந்தது. எடைமேடைப் பையன் தன் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினான். அந்த நோட்டு இல்லாவிட்டால் அன்று வந்த சரக்குக்கு ஆதாரம் இல்லை. நோட்டு வைத்திருந்ததற்காக அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். முன்னேற்றத்தில் நம்பிக்கையில்லாதவன் என்று.

"எங்க கம்பெனி மொறையே தனி" என்று சொல்லி மென்பொருளை வெட்டி ஒட்டிக்கொண்டதையும் பாராட்டாமல் விட முடியாது. வாங்குமுன் தம் முறை என்னவென்று யோசிக்காதவருக்கு வாங்கிய பிறகு அதன்மீது இத்தனை பாசம் வந்தது. ஜெர்மனியின் லிட்ல் என்ற பெரிய மளிகைக் கடைச் சங்கிலியும் இதே பாசக்காரர்தான். சாப் நிறுவனத்தின் மென்பொருள் இருப்பை விற்பனை விலையில் கணக்கிடும். லிட்ல் எப்போதும் கொள்முதல் விலையில்தான் கணக்கிடும். எங்கள் முறையை மாற்ற மாட்டோம், மென்பொருளை மாற்று என்றார்கள். மாற்றிக்கொண்டே போனார்கள். ஏழு வருடம் போய், ஏறத்தாழ 50 கோடி யூரோ போய், 2018இல் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டுப் பழைய முறைக்கே திரும்பினார்கள். இவ்வளவு பெரிய ஜெர்மன் கம்பெனிக்கு ஏழு வருடம் பிடித்த விஷயம் நம்மவருக்கு ஒரே சீசனில் கைகூடியது. செலவும் குறைவு. சிக்கனத்தில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

மென்பொருள்காரர்கள் அனுப்பும் பையன்களும் நல்லவர்கள். ஒருவர் வந்து ஆலையைப் புரிந்துகொள்வதற்குள் பெங்களூரில் அவருக்கு நல்ல வேலை கிடைத்துவிடும். அடுத்தவர் வந்து, "சார், உங்க பிசினஸ் ஃப்ளோ சொல்லுங்க" என்று தொடக்கத்திலிருந்து கேட்பார். முதலாளி சலிக்காமல் சொல்வார். தம் தொழிலைப் பற்றி அவர் இத்தனை பேருக்கு இத்தனை முறை விளக்கியது இதற்கு முன் நடந்ததில்லை. முதல் பையனிடம் சொன்னதைத் தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் இந்த உபந்நியாசம் வாய்த்திருக்காது.

அடுத்து நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வருடக் கடைசியில் இருப்பு எடுத்தார்கள். திரையில் ஓர் எண், கிடங்கில் ஓர் எண். இரண்டுக்கும் நடுவே சில லட்சம். லட்சங்கள் போட்டு வாங்கிய மென்பொருள் பொய் சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் ஸ்டோர்க்காரர்தான். பிரிட்டனின் தபால் துறையும் இப்படித்தான் நியாயம் கண்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற மென்பொருளை 1999இல் கிளைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். கணக்கில் பணம் குறைந்ததாக அது காட்டியது. கிளை நடத்தியவர்கள் திருடர்கள் என்று முடிவாயிற்று. 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். பலர் இல்லாத பற்றாக்குறையைக் கைக்காசு போட்டு, வீட்டை அடகு வைத்து ஈடுகட்டினார்கள். பிழை மென்பொருளில் என்று ஒப்புக்கொண்டு தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நம் முதலாளிகள் அந்த அளவுக்குக் கொடியவர்கள் அல்லர். வழக்குப் போடுவதில்லை. சம்பளத்தில் மாதம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஓட்டல் அரங்கில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று நான் சொல்லிவிட்டுப் போனால் அது பொய்யாகிவிடும். ஒன்று கேட்டார். விற்பனையாளரை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, "பழைய பில்ல அழிக்க முடியுமா? தேதி மாத்தலாமா?" என்றார். இத்தனை அம்சங்களில் எது முக்கியம் என்று எடுத்த எடுப்பில் பிடிக்கும் கூர்மை எல்லோருக்கும் வாய்க்காது. காலந்தான் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு பதிவும் எப்போது மாற்றப்பட்டது என்ற தடத்தை வைத்திருக்கும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தத் தடத்தை அணைக்க வழி இருக்கக் கூடாது. ஆடிட்டர் அதைப் பற்றித் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். அதே வருடம் ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி தாண்டிய இத்தகைய ஆலைகளுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். பிற நிறுவனங்களுக்கு எழுதும் பில் அரசின் தளத்தில் பதிவாகி எண் வாங்கினால்தான் பில். இத்தனையும் தெரிந்த விற்பனையாளர், "எல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்றார். எதைப் பண்ணிக்கொள்ளலாம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அத்தனை நம்பிக்கை.

நாளைக்கு இந்த மென்பொருளை விட்டு விலக நேர்ந்தால் நம் பெயர்ப் பட்டியலும் பாக்கிப் பட்டியலும் எந்த வடிவில் நம் கைக்குத் திரும்பும் என்றும் அவர் கேட்கவில்லை. நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசுவது நம் குடும்பங்களில் கிடையாது. இப்போது அந்தப் பட்டியல் வேண்டுமென்றால் ஆண்டுப் பராமரிப்புத் தொகையைக் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கிறார். சொந்தப் பொருளைப் பார்க்க ஒவ்வொரு வருடமும் காணிக்கை.

இத்தனைக்கும் இந்தத் தேர்வால் ஊருக்கு நன்மை விளையவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முன்பு ஒரு கணக்கர் ஒரு வேலையை ஒருமுறை செய்தார். இப்போது எடைமேடைப் பையன் நோட்டில் எழுதுகிறான். பில் போடும் பெண் அதை எக்செல்லில் ஏற்றுகிறாள். மச்சினன் எக்செல்லைப் பார்த்து மென்பொருளில் ஏற்றுகிறார். கணக்கர் அதே எக்செல்லைப் பார்த்து டேலியில் ஏற்றுகிறார். நான்கு இடத்தில் நான்கு எண் வரும் நாட்களில், எது சரி என்று கண்டுபிடிக்க ஐந்தாவதாக ஒருவரை எடுத்திருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் வேலைக்கு ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிற மத்தூரில், ஒரே மென்பொருள் இத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்றால் அது லேசான காரியமா?

முதலாளியின் போனில் அந்தப் பச்சை வட்டம் இன்றைக்கும் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. சங்கக் கூட்டங்களில் எடுத்துக் காட்டுகிறார். பார்த்தவர்களில் இரண்டு பேர் அதே விற்பனையாளரின் எண்ணை வாங்கிப் போயிருக்கிறார்கள். ஏதாவது குறை உண்டா என்று அவர்கள் கேட்டதற்கு, "அருமையா இருக்கு, கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார். தாம் வாங்கிய விதத்தையே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

வாங்கப் போகிற அந்த இருவருக்கும், அவர்களைப் போன்ற மற்றவர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். தாராளமாக வாங்குங்கள். ஓட்டலில் மதியச் சாப்பாடு உறுதி. ஸ்டோர்க்காரரைக் கூட அழைத்துப் போகாதீர்கள், காரியம் கெடும். பழைய டேலியின் ஆண்டுச் சந்தாவை மட்டும் மறக்காமல் புதுப்பித்துவிடுங்கள். அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட வேண்டும், கணக்கு அதில்தான் இருக்கிறது.